ஏடு தேடிய திருத்தொண்டு

சிதைந்த திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுதல் ஒரு நாளில் முடியும் செயல் அன்று. பொருள் சேர்ந்தால் கல் கிடையாது. கல் வந்தால் கைத்திறனுடையார் அமையார். இடையூறுகளுக்கு இடையே கொண்ட கருத்தை விடாது பற்றி நிற்பவர்க்கே திருப்பணி நிறைவெய்தும் என்பது திருப்பணிச் செல்வர்கள் நன்கு அறிந்த உண்மை. கல்லால் ஆகும் திருப்பணிக்குரிய இவ்வியல்பு சொல்லால் ஆகும் திருப்பணிக்கும் உரியது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார்கள்; ஊர் உத்தமதானபுரம். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டார்கள். 1876-இல் ஆசிரியர் சிவபதம் அடைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவர்களின் ஆதரவில் கல்வியை வளர்த்துக்கொண்டார்கள். 1880-இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் கோவையும் கற்றுத் தேர்ந்த அவர்கள் மனத்தில் குறை எதுவும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்நிறைவு குலைந்தது. கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அன்று அவர்கள் கண்டார்கள். கற்ற நூல்களை எல்லாம் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் அந்நூல்களைக் கண்டதுமில்லை. பின்னர் முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றை வருவித்துக் கொடுத்துப் பாடஞ் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

அதனைப் படிக்கப் புகுந்தபோதுதான் அருமை விளங்கிற்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. செய்யுளும் உரையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வரும் அடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்பதும் புலப்படாது. எல்லாவற்றினும் பெருந்தடை, நூல் சைன சமயக் கருத்துக்கள் நிறைந்தது என்பது. சைவ மடத்திற் பயின்றவர் அதற்காக நூலை மூடிவிடவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சைன அன்பர்கள் அதனைப் புனித நூலாகப் பாராயணம் செய்து வருவதை அறிந்து, அவர்கள் இல்லம் நாடிச் சென்று ஐயந்தீர்த்துக் கொண்டார்கள். ஏழாண்டுகள் பல பிரதிகளை ஒப்புநோக்கியபின் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

அடுத்து எடுத்துக்கொண்டது பத்துப்பாட்டு. அவற்றுள் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படக் கூறுகிறார். கிடைத்த பிரதிகளில் அவ்விடத்தில் சில பெயர்கள் சிதைந்திருந்தன. எப்பூவையேனும் இட்டு நிரப்ப ஐயரவர்களுக்கு மனம் வரவில்லை. பல இடங்களில் தேடி இறுதியில் தருமபுர ஆதீனத்தை அடைந்து, குவிந்துகிடந்த சுவடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். சிதைந்த ஏடுகளுக்கிடையே விடுபட்ட பகுதி கிடைத்தது. 1889-இல் நூல் வெளிவந்தது.

தேடிய இடமெல்லாம் பலன் கிடைத்ததென்று எண்ணலாகாது. திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்த ஏடுகள் இருப்பதாகக் கேட்டு ஆவலோடு சென்றார்கள். பழுதுற்ற ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளும் பல. அழித்தவர்கள் பகைவர் அல்லர். புனிதமென்று போற்றியே அழித்தார்கள். ஐயரவர்கள் மனம் புண்பட்டதேயன்றிக் கால் ஓயவில்லை.

சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, திருவல்லிக்கேணியில் வாழ்ந்த காலத்தும் பணி தொடர்ந்தது. இல்லத்திற்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டது தமக்கு உதவிய செட்டியாரிடம் கொண்ட நன்றியாலாகும். திருமயிலைத் திரிபந்தாதி போன்ற தலநூல்களும் அவர்கள் கைபட்டுத் திருந்தின. 1919-இல் ஓய்வுபெற்ற பின்னும் ஓயாது உழைத்து, 1937-இல், எண்பத்திரண்டாம் அகவையில், குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டார்கள்.

உலகப் போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்த 1942-இல் ஐயரவர்களும் திருக்கழுக்குன்றம் சென்றார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அங்கேயே இறைவன் திருவடி எய்தினார்கள். மறு ஆண்டு, 1943-இல், ருக்மிணி தேவி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் அவர்கள் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. அவர்கள் தேடித் தொகுத்த சுவடிகளை அந்நிலையம் இன்று பெசண்ட் நகரில் காத்து வருகிறது.

தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து திருமுறைகள் வெளிப்பட்ட வரலாற்றைச் சைவ உலகம் போற்றும். அன்று மீட்டவை போக எஞ்சியவை எத்தனையோ மறைந்தன. ஆகவே திருப்பணி செய்யும் அன்பர்கள் கோபுரத்தையும் விமானத்தையும் புதுக்குங்கால், சுவரிலுள்ள கல்வெட்டின் ஓர் எழுத்தும் சுண்ணத்தால் மறையாமலும் உளியால் சிதையாமலும் காத்தல் வேண்டும். உக்கிராண அறையில் கிடக்கும் பழஞ்சுவடியைக் கழிக்கும் முன் கற்றாரிடம் காட்டுதல் வேண்டும். ஐம்பத்தேழு ஆண்டுகள் ஒருவர் அலைந்து தேடியதை ஒரு நாள் கவனக்குறைவு அழித்துவிடக்கூடும். தேடுதற்கு வேண்டிய விடாமுயற்சி காத்தற்கும் வேண்டும். கபாலீசர் திருவருள் அவ்வுறுதியை யாவர்க்கும் நல்குவதாக.