ஏழு டாலரும் பதின்மூன்று டாலரும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைத் தளையை அறுத்த போர் என்று நாம் படித்திருக்கிறோம். அப்போரில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 1,80,000 பேர் துப்பாக்கி ஏந்தினர் என்பதும், அவர்கள் எதிரியோடு மட்டுமன்றித் தம் அரசின் சம்பளப் பட்டியலோடும் போராட நேர்ந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நமக்கு அது அயலார் கதையன்று. 1873இல் சோதிராவ் பூலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்பில் ஈடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ 54ஆம் படைப்பிரிவைத் திரட்டலானார். வெள்ளை வீரர்க்குரிய 13 டாலர் மாதச் சம்பளமே கறுப்பின வீரர்க்கும் என்பது வாக்குறுதி. அதை நம்பிப் பிரடெரிக் டக்ளஸ் ஆள் சேர்த்தார்; தம் மைந்தருள் இருவரை அப்படைக்கு அனுப்பினார். ஆயின் கொடுக்க முன்வந்ததோ 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். கைக்கு எட்டுவது 7. அகழி வெட்டவும் பாசறை வேலை செய்யவும் அமர்த்தப்படும் கறுப்பரைப் பெரிதும் மனத்திற்கொண்டு 1862 ஜூலையில் இயற்றிய சட்டம் வகுத்த கூலி அது. கறுப்பினச் சார்ஜெண்டுக்கும் அதே தொகைதான். கடைநிலை வெள்ளைச் சிப்பாய் அவரினும் மிகுதியாகப் பெற்றான். வேலையைப் பாராது ஆளைப் பார்த்துக் கூலி அளக்கும் வழக்கத்தை நம் முன்னோர் களத்துமேட்டில் கண்டிருக்கின்றனர்.

1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையைத் தாக்குகையில் அப்படையில் முன்சென்றோர் ஏறத்தாழ 600 பேர். மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனவர் 250க்கு மேல். கொடியைக் கீழே விழவிடாது ஏந்தி மீண்ட வில்லியம் கார்னிக்கு வீரப் பதக்கம் வந்து சேர்ந்தது 1900இல்!

குறைந்த சம்பளத்தை வீரர்கள் தொட மறுத்தனர். குறையும் தொகையைத் தாமே தருவதாக மாசச்சூசெட்ஸ் அரசு முன்வந்தபோதும் மறுத்தனர். பணம் வேண்டாதவர் அல்லர். வீட்டில் மனைவி மக்கள் வாடினர். எனினும் குறை பணத்தில் இல்லை, அதைக் கொடுக்கும் கணக்கில் இருந்தது. சம்பளமின்றியே ஓராண்டுக்கு மேல் போரிட்டனர்.

எல்லார்க்கும் அவ்வாறு மறுத்து நிற்க வாய்க்கவில்லை. அடிமையாயிருந்து படையிற் சேர்ந்த சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர், 3ஆம் தென் கரோலினாப் படையில் தம் தோழருடன் துப்பாக்கிகளை மேலதிகாரியின் கூடாரத்தின் முன் அடுக்கி வைத்தார். அது கலகம் எனப்பட்டது. 1864 பிப்ரவரி 29 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றரைத் திங்கள் கழிந்து, 1864 ஜூன் 15இல் சமச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. அதிலும் ஒரு வரம்பு: 1861 ஏப்ரல் 19இல் சுதந்திர மனிதராயிருந்தவர்க்கே சேர்ந்த நாள் முதல் முழுத்தொகை, அன்று அடிமையாயிருந்தவர்க்கு 1864 ஜனவரி முதல்தான். 54ஆம் படையின் தலைவர் ஹாலோவெல் இதற்கொரு வழி கண்டார். அந்நாளில் எவருக்கும் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று வீரர்களைச் சத்தியம் செய்யச் சொன்னார். எந்த மனிதனும் இன்னொருவனுக்கு அவ்வாறு கடமைப்பட்டவன் ஆகான் அல்லவா? தப்பியோடிய அடிமையும் மனம் கூசாது கையை உயர்த்தினான். எஞ்சியோரில், சமச் சம்பள வாக்குறுதியின் பேரில் சேர்ந்தவர்க்கு 1865 மார்ச்சில் வேறொரு சட்டம் வழி செய்தது.

இவ்வழக்கைத் தெளிவாக எழுத்தில் வைத்தவர் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்னும் கார்ப்பரல். திமிங்கில வேட்டைக் கப்பலில் உழைத்தவர். 1863 செப்டம்பர் 28இல் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கே நேராகக் கடிதம் எழுதினார். தாங்கள் வீரரா, கூலியாட்களா என்பதே அதில் அவர் வினவியது. எழுதத் தெரிந்த ஒருவர் படையில் இருந்ததால் அக்கேள்வி இன்றும் நம் கைக்குக் கிட்டுகிறது.

1864 பிப்ரவரியில் புளோரிடாவின் ஒலஸ்டிப் போரில் குடிங் காயமுற்றுச் சிறைப்பட்டார். ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அவ்வாண்டு ஜூலை 19 அன்று இறந்தார். 54ஆம் படைக்கு முழுச் சம்பளம் வந்து சேர்ந்தது அவ்வாண்டு செப்டம்பரில்.