பட்டறைப் பசையும் மருத்துவப் பசையும்

சென்ற மாதம் திருவண்ணாமலையில் கடைசல் பட்டறை நடத்தும் என் பழைய மாணவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சினிடையே இரும்புத் தகடு அவர் விரலைக் கிழித்துவிட்டது. அவர் பதறாமல் சிறு பசைக் குழாயை எடுத்தார். "ஆஸ்பத்திரியிலேயே பசை போட்டுத்தானே சார் ஒட்டுகிறார்கள்!" என்றார். முன்பெல்லாம் காபித் தூளை அப்புவார்கள், இன்று பசை. அவர் சொன்னது சரிதானா? வரலாற்றைப் பார்ப்போம்.

நூலின்றிக் காயத்தை மூடுவது நமக்குப் புதிதன்று. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கறுப்பு எறும்புகளைக் கொண்டு கவ்வச் செய்து, தலையை மட்டும் விட்டுவைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது.

1942-ஆம் ஆண்டு, போர்க்காலம். அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிகாட்டிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது, எனவே ஒதுக்கப்பட்டது. 1951-இல் அவருடன் பணியாற்றிய பிரெட் ஜாய்னர், அப்பொருளின் ஒளிவிலகல் எண்ணை அளக்க அதை இரு பட்டகங்களுக்கிடையே தடவினார். பட்டகங்கள் பிரியவேயில்லை! விலையுயர்ந்த கருவி பழுதானாலும் ஒரு பசை பிறந்தது. 1958-இல் அது விற்பனைக்கு வந்தது.

இது எவ்வாறு ஒட்டுகிறது? பரப்பிலுள்ள ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. தோலிலும் ஈரம் உண்டல்லவா? 1966-இல் வியட்நாம் போர்க்களத்தில், குருதிப்போக்கை நிறுத்த இதைத் தெளித்தனர். மருத்துவமனை சேரும்வரை உயிரைக் காப்பதே அங்கே நோக்கம்.

ஆனால் கடையில் விற்கும் பசையின் மூலக்கூறில் கார்பன் கிளை குட்டையானது. அது உடலில் விரைவில் சிதைந்து, பார்மால்டிஹைடு முதலியவற்றை வெளியிட்டுத் திசுவை உறுத்தும். இறுகும்போது சூடும் உண்டாகும். பஞ்சில் பட்டாலோ தீப்புண்ணே ஏற்படலாம். எனவே வேதியியலார் கிளையை நீட்டினர்: பியூட்டைல் வகையில் 4 கார்பன், ஆக்டைல் வகையில் 8. இவை மெதுவாகச் சிதையும். ஆக்டைல் வகைக்கு 1998-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. நம் நாட்டிலும் கருவிழியில் விழும் சிறு துளையை அடைக்கப் பியூட்டைல் வகை பயன்படுகிறது.

மேலும், மருத்துவர் காயத்தைக் கழுவி, விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மேலேதான் பசை பூசுகிறார், உள்ளே விடுவதில்லை. அழுக்கை உள்ளே வைத்து மூடினால் சீழ் பிடிக்கும்.

ஆகவே வாசகர்களே, வெட்டுப் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். காயம் ஆழமானாலும், இரத்தம் நிற்காவிட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்.

என் மாணவரும் பசையை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.