ஜொகூர் லாமா

ஜொகூர் லாமா என்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றின் கிழக்குக் கரையில் தெலுக் செங்காட்டுக்கு அருகே அமைந்த பழைய தலைநகரத் தலமாகும். 16 ஆம் நூற்றாண்டில் ஜொகூர் சுல்தான்கள் இருமுறை இங்கே வீற்றிருந்து ஆண்டனர். இன்று ஆற்றை நோக்கி நீண்டிருக்கும் தஞ்சோங் பத்து என்னும் முனையில் மண்கோட்டையின் சீரமைக்கப்பட்ட பகுதியும், அதை ஒட்டி ஓர் அருங்காட்சியகமும், சுற்றிலும் மக்கள் குடியிருக்கும் கம்போங்கும், அதாவது மலாய்ச் சிற்றூரும், காணப்படுகின்றன. கல்லால் எழுப்பிய மாளிகை, கோபுரம், மதில் என்று எதையும் எதிர்பார்த்து வருபவருக்கு முதற்பார்வையில் புல் மூடிய கரையும் மரங்களும் மட்டுமே தெரியும். ஆயினும் மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியில் மலாய் அரசு எப்படி வாழ்ந்தது என்பதை இவ்விடம் போலத் தெளிவாகக் காட்டும் தலங்கள் மிகச் சிலவே.

பழைய வாழ்க்கையைக் காட்ட வேறொரு வழியும் உண்டு. அதை வீடு, தொழில், உணவு, உடை ஆகியவற்றோடு மீண்டும் அமைத்துக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891 இல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் அர்தூர் ஹசேலியுஸ் நிறுவிய ஸ்கான்சன் வழியாக உலகெங்கும் பரவிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் சரவாக்கின் பண்பாட்டுச் சிற்றூரும் இவ்வகையைச் சேர்ந்தவை. மங்கோலியாவில் உலான்பாத்தருக்குக் கிழக்கே, செங்கிஸ் கானின் காலத்து மேய்ப்பர், கைவினைஞர், அஞ்சல் குதிரை வீரர் ஆகியோரின் முகாம்களைத் தனித்தனியே அமைத்துக் காட்டும் 13 ஆம் நூற்றாண்டுப் பூங்கா ஒன்று உண்டு. அங்குள்ள கூடாரங்களைக் கட்டுவதற்கு ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. மரச்சட்டத்தின் மேல் கம்பளி அடித்துச் செய்த தடித்த போர்வையைச் சுற்றும் அந்தக் கலை மேய்ப்பர் குடும்பங்களில் இன்றும் அன்றாட வேலையாக இருக்கிறது. ஜொகூர் லாமா இத்தகைய பூங்கா அன்று. இருந்தும் மங்கோலியப் புல்வெளி அரசுக்கும் ஜொகூரின் ஆற்று அரசுக்கும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அரசு என்பது ஆட்களையும் அவர்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியையும் நம்பி நின்றதே தவிர, இடம்பெயராத கட்டடத்தை நம்பி நிற்கவில்லை. 1253 இல் மங்கோலியரிடம் பயணப்பட்ட துறவி ரூப்ரக் வில்லியம், 22 எருதுகள் இழுக்க வண்டிமேல் நகர்ந்த பெருங்கூடாரத்தைக் கண்டு எழுதினார். ஜொகூரில் அந்த வண்டியின் இடத்தில் படகு இருந்தது.

மங்கோலியப் பேரரசின் கை இந்தக் கடலையும் தொட்டது. குப்ளாய் கானின் கப்பற்படை 1293 இல் சாவகம் வரை வந்தது. அதற்குச் சற்று முன், 1281 இல், அவருடைய ஆட்சிக்குட்பட்ட சீனத் துறைமுகமான சுவான்சூவில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலுக்குரிய தமிழ்க் கல்வெட்டு கானின் நலனை வேண்டுகிறது. தமிழ்க் கரையிலிருந்து சீனம் செல்லும் கப்பல்கள் ஜொகூரின் தெற்கே உள்ள நீரிணைகளைக் கடந்தே சென்றதால், பிற்காலத்தில் ஜொகூர் லாமாவை வளர்த்த கடல்வழி அப்போதே பழகிப்போன பாதையாக இருந்தது.

1511 இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் அதன் சுல்தான் மகமூது ஷா பிந்தான் தீவுக்குச் சென்றார். 1526 இல் அதுவும் அழிக்கப்பட, சுமத்திராவின் கம்பாரில் 1528 இல் இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் பெக்கான் துவாவில் குடியேறி ஜொகூர் சுல்தானகத்தைத் தொடங்கினார். போர்த்துகீசியர் 1535 இலும் 1536 இலும் ஆற்றினுள் வந்து தாக்கியபின், 1540 வாக்கில் ஜொகூர் லாமா தலைநகராயிற்று. 1564 இல் வடக்குச் சுமத்திராவின் அச்சே சுல்தானகத்துப் படை அதைச் சூறையாடிச் சுல்தானைச் சிறைபிடித்துச் சென்றது. அடுத்து செலுயுட் குன்றுப் பகுதியிலும், 1570களில் மீண்டும் ஜொகூர் லாமாவிலும், 1587 க்குப் பின் பத்து சாவாரிலும் தலைநகரம் அமைந்தது. இந்த இடப்பெயர்வுகளைத் தோல்விகளின் வரிசையாக மட்டும் எழுதிச் செல்லும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. அது முழு உண்மையன்று. மரமும் நிப்பா ஓலையும் கொண்டு எழுப்பிய ஊரை எரித்தாலும், மக்களும் படகுகளும் தப்பினால் சில ஆற்று வளைவுகளுக்கு அப்பால் அதே அரசு மறுபடி எழுந்து நிற்க முடிந்தது. போர்த்துகீசியரால் மலாக்காவைப் பிடித்து வைத்திருக்க முடிந்தது. ஜொகூரை அவ்வாறு பிடித்து வைக்க முடியவில்லை.

1587 ஆம் ஆண்டுப் போரே இத்தலத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படுவது. ஜொகூர்ப் படை மலாக்காவுக்குச் செல்லும் உணவுக் கப்பல்களைத் தடுத்து நகரைப் பட்டினியில் தள்ளியதால், கோவாவிலிருந்து பாவுலோ டி லிமா பெரைரா தலைமையில் கப்பற்படை அனுப்பப்பட்டது. அப்படை ஆகஸ்டு மாதத்தில் கோட்டையைக் கைப்பற்றி, பீரங்கிகளைக் கவர்ந்து, ஊரைக் கொளுத்திற்று. இதை விரிவாகப் பதிவு செய்தவர் தளபதியின் வாழ்க்கை வரலாற்றையே எழுதிய போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் டியோகோ டூ கூத்தோ. மண் நிரப்பிய மரக்கழி அரணும் அதன்மேல் நிறுத்திய பீரங்கிகளும் ஆற்றுவழி வரும் எதிரியைக் குறிவைத்து அமைந்திருந்தன என்பதை, இன்று கோட்டைக் கரையின்மேல் நின்று கீழே பார்ப்பவர் எளிதில் உணரலாம். ஆறு அங்கே அகன்று திரும்புவதால், கடலிலிருந்து ஏறிவரும் எந்தக் கலமும் அந்த முனையின் பார்வைக்குத் தப்ப வழியில்லை.

இத்தலத்தின் பொருட்கள் நெடுங்காலம் மண்ணில் சிதறிக் கிடந்தன. ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர், ஜொகூர் ஆற்றங்கரைகளில் கிடைத்த தங்க நாணயங்களையும் மணிகளையும் 1930களில் ஆராய்ந்து எழுதினார். 1953 இல் சீவ்கிங், வீட்லி, கிப்சன்-ஹில் ஆகியோரும், 1960 இல் வில்ஹெம் சோல்ஹைம் குழுவினரும் ஜொகூர் லாமாவில் முறைப்படி அகழ்ந்தனர். சீனத்து மிங் காலப் பீங்கான் சில்லுகளும் உள்ளூர் மட்பாண்ட ஓடுகளும் இங்கிருந்து கிடைத்தவற்றுள் முக்கியமானவை. ஜொகூர்ச் சுல்தான்களின் தங்கக் காசுகள், மாஸ் என்னும் பெரியதும் கூப்பாங் என்னும் சிறியதுமாக, எண்கோண வடிவில் அரபு எழுத்துகளுடன் அடிக்கப்பட்டன. விரல் நுனியில் அடங்கும் கூப்பாங்கின் எட்டு முனைகளையும் அருகிலிருந்து பார்க்கும்போது, ஓலைக் கூரையின் கீழ் இருந்த அரசவையின் செல்வமும் கைத்திறனும் எவ்வளவு நுட்பமானவை என்பது புலப்படும்.

ஜொகூர் அரசின் கடற்பலம் ஓராங் லாவுட் எனப்பட்ட கடல்சார் குடிகள். சுல்தானின் கப்பல்களுக்குத் துடுப்பு வலித்தல், நீரிணைகளைக் காவல் காத்தல், வணிகக் கலங்களைத் துறைமுகத்திற்கு வழிகாட்டி அழைத்து வருதல், கடல்படு பொருள் சேகரித்தல் ஆகியவை அவர்களுடைய பணிகள். 1699 இல் கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மகமூது ஷா கொலையுண்டு மலாக்கா அரச வழி அற்றபின் அவர்களுடைய பற்று தளர்ந்தது. தம்மை அவருடைய மகன் என்று சொல்லிக்கொண்ட ராஜா கெச்சில் 1718 இல் ஜொகூரைப் பிடித்தபோது அவர்களில் பலர் அவர் பக்கம் நின்றனர். ஜொகூர் நீரிணையின் கரையோரம் இன்று வாழும் ஓராங் செலேத்தார் மக்கள் இக்கடற்குடி மரபினர். மலேசிய அரசு ஏற்றுள்ள 18 ஓராங் அஸ்லி (பழங்குடி) பிரிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுபவர்கள். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவர்களில் பலர் பாவ் காஜாங் என்னும் படகிலேயே குடும்பம் நடத்தினர். தாழை இனத்து இலைகளைத் தைத்துச் செய்த பாய்க்கூரையின் கீழ், அடுப்பு, படுக்கை, மீன்பிடி கருவி யாவும் ஒரே மரக்கலத்தில் அடங்கின. ஜொகூரின் பழைய வாழ்க்கையை உயிரோடு காட்டும் பூங்கா என்றாவது அமைக்கப்படுமாயின், அது சுல்தானின் மண்டபத்தை முன்வைக்காமல் இந்தப் படகையும் அதைக் கட்டத் தெரிந்த முதியவர்களையும் முன்வைப்பதே முறை. கடற்கரை மேம்பாட்டுப் பணிகளால் இவர்களுடைய சதுப்புநிலக் காடுகள் சுருங்கிவருவது, அத்தகைய முயற்சியை அவசரமாக்குகிறது.

தமிழ் வாசகருக்கு இவ்வரசு வேறொரு வகையிலும் நெருங்கியது. மலாக்கா அரசின் முதன்மை அமைச்சர்களான பெண்டஹாரா குடும்பத்தில் ஒரு கிளை, தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தானைத் தன் முன்னோராகக் கொண்டது. ஜொகூரின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் 1612 இல் மலாய் அரச வரலாற்று நூலான சுலாலத்துஸ் சலாத்தீனைத் திருத்தி அமைத்தபோது, முன்னுரையில் தம் வம்சவழியை மணி புரிந்தான் வரை கொண்டு செல்கிறார். அவர் வாழ்ந்த பத்து சாவாரை மறு ஆண்டே அச்சே படை தாக்கிற்று.

ஜொகூர் பாருவிலிருந்து வடகிழக்கே கோத்தா திங்கிக்குச் சென்று, அங்கிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் சாலையில் ஜொகூர் லாமாவை அடையலாம். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கோட்டைக் கரையில் ஏறுவது நல்லது. காட்சிப்பெட்டியில் கண்ட ஓடுகள் எந்த மண்ணிலிருந்து எழுந்தன என்பது அப்போதுதான் பொருள்படும். கோத்தா திங்கியில் இரண்டாம் மகமூது ஷாவின் கல்லறையும், பெண்டஹாராக்களின் கல்லறைகளும் உள்ளன. இவற்றை ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் ஜொகூர் ஆறு பெருகுவதுண்டு; 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. எனவே மழை குறைந்த மாதங்களைத் தேர்ந்துகொள்வது பயணிகளுக்கு ஏற்றது.