பெகுவின் முறிந்த சிகரமும் சகாயிங் பிளவும்

பர்மாவை வடக்கு தெற்காக ஊடறுத்து, இரங்கூனுக்குக் கிழக்கே பெகு வழியாகக் கடலில் இறங்கும் சகாயிங் நிலப்பிளவைக் குறித்து ஹுருகாவா, மாங் மாங் ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி பிரசித்தமானது. 1918 முதல் நிகழ்ந்த பெரும் பூகம்பங்களின் மையங்களைத் திருத்திக் கணித்த அவர்கள், வட அட்சம் 19.2 முதல் 21.5 பாகை வரையுள்ள மத்திய பகுதியையும், 16.6 பாகைக்குத் தெற்கேயுள்ள கடற்பகுதியையும் நெடுநாள் பிளவாத இடைவெளிகளெனக் குறித்தார்கள். 2025 மார்ச் 28 அன்று மத்திய இடைவெளி 7.7 அளவில் பிளந்தது. அவர்கள் கூற்று பெரும்பாலும் மெய்யாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இடைவெளி என்னும் கருத்திலேயே உள்ளடங்கிய அனுமானம், அதாவது நிலப்பிளவில் ஒருமுறை பிளந்த கண்டம் (துண்டு) தன் சக்தியைச் செலவிட்டு நெடுங்காலம் அடங்கிக் கிடக்கும் என்பது, எனக்கு உடன்பாடன்று. 2025இன் பூகம்பம் தோன்றிய இடம் குறித்த இடைவெளிக்குள் இல்லை. அதற்கு வடக்கே, 1956இல் பூகம்பம் கண்ட சகாயிங் நகரின் அருகே உள்ளது. ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீள இடைவெளியின் எல்லைகளைக் கடந்து பிளவு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. செலவிட்டதாகக் கருதிய கண்டமும் மீண்டும் அசைந்தது.

தென்பகுதிக்கு வேறொரு சாட்சி உண்டு. பெகுவின் ஷ்வேமோடோ கோயிலின் வடகிழக்கு மூலையில், 1917ஆம் ஆண்டு அதிர்ச்சியில் சிகரத்தினின்று விழுந்த செங்கற்கட்டின் பெருந்துண்டு ஒன்று, பின்னர் எழுப்பிய தூபியின் உடலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. 1930 மே 5 அன்று அக்கோயில் மறுபடி வீழ்ந்தது. பெகுவில் ஏறத்தாழ 500 பேரும் இரங்கூனில் 50 பேரும் மாண்டனர். இன்றைய தூபி 1954இல் நிறைவுற்றது. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இருமுறை வீழ்த்திய அதிர்ச்சிகளுள் முதலாவது, 1918இல் தொடங்கும் பட்டியலில் இடம்பெற வழியே இல்லை. 1917இல் பெகுக் கண்டமே பிளந்தது என்று நிறுவுவதற்கில்லை. எனினும், ஓராண்டு பிந்தித் தொடங்கும் கணக்கைக்கொண்டு அக்கண்டத்தின் சுபாவத்தை வரையறுப்பது தகாது என்று வற்புறுத்துவேன்.

பெகுவுக்கு வடக்கே பாயாஜியிலுள்ள 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர், பிளவு கடக்குமிடத்தில் சுமார் 6 மீட்டர் விலகி நிற்கிறது. அங்கு அகழ்ந்தவர்கள், சுவர் எழுந்தபின் குறைந்தது இருமுறை நிலம் பிளந்ததற்கு அடையாளம் கண்டனர். ஒன்றை 1930க்கு உரியதாக வைத்தாலும் மற்றொன்றின் ஆண்டு தீராமலே இருக்கிறது. இரங்கூனின் ஷ்வேடகோன் தூபியின் உச்சி சரிந்து, சின்பியூஷின் மன்னன் அதனை உயர்த்திக் கட்டுவதற்குக் காரணமான 1768 பூகம்பம் அதுவாகலாம். இரண்டையும் பிணைக்கும் ஆதாரம் இல்லையாதலால் இதனை யூகமென்றே கொள்ளவேண்டும். சுவரின் விலகலைக்கொண்டு கணித்த நகர்ச்சி வேகம் ஆண்டுக்கு 11 முதல் 18 மில்லிமீட்டர். அதன்படி, 1930க்குப் பின் 1 மீட்டர் முதல் 1.7 மீட்டர் வரை நகர்ச்சி மீண்டும் தேங்கியிருக்கவேண்டும்.

இரங்கூனில் 1930இல் நேர்ந்த சேதம் குறைவாயிற்றே என்று ஆறுதல் கொள்வோர் லைங் தாயாவை மறந்துவிடுகிறார்கள். லைங் ஆற்றின் மேற்குக் கரையில், வண்டல் நிலத்தின்மேல், 1980களின் இறுதியில் உருவான அந்நகர்ப்பகுதியில் 2014ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 6,87,867 பேர் வசித்தனர். அங்கு தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கியுள்ளன. மென்மண் அதிர்வைப் பெருக்கும் என்பதற்கு, மையத்தினின்று ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் 2025இல் குலுங்கிய பாங்காக் நகரம் சான்று. 1930இன் சேதக் கணக்கில் லைங் தாயாவைப் பற்றி ஒரு வரியேனும் தேடுவது வீண். அப்போது அங்கே இந்நகரமே இல்லை.