கடற்குதிரை

கடற்குதிரை வெப்பக் கடல்களின் கரையோரத்தில், ஆழம் குறைந்த நீரில் மிகுதியாக வாழும் சிறு மீன். குழல்மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. குதிரைத் தலையும் குரங்கு வாலுமாகத் தோன்றினாலும் செவுளும் துடுப்பும் உடைய முழு மீனே. செதில் இல்லை, எலும்பு வளையங்கள் உடலைக் கவசமாய்ச் சூழ்ந்துள்ளன. முதுகுத் துடுப்பை விசிறிபோல் அடித்து நிமிர்ந்தபடி நீந்தும். நீரோட்டம் வலுத்தால் கடற்புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பல்லும் இரைப்பையும் இல்லாததால், நுண்ணிய இறால் இனங்களைக் குழல் வாயால் உறிஞ்சி ஓயாமல் தின்னும்.

பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏற்றுச் சில வாரங்கள் சுமந்து, குஞ்சுகளை நூற்றுக்கணக்கில் ஈனும். வாலின் தொடக்கத்தில் புடைத்திருக்கும் அந்த வழவழப்பான பையைக் கொண்டே ஆணை இனங்காணலாம்.

பெயர் வரலாறு சுவையானது. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதைக் குழல்மீன்களோடு ஒரே பேரினத்தில் அடக்கினார். 1810இல் மற்றோர் இயற்கையியலாளரான ரஃபினெஸ்க் இதைத் தனியே பிரித்து, பாதி குதிரையும் பாதி மீனுமான கிரேக்கப் புராண விலங்கின் பெயரால் 'ஹிப்போகாம்பஸ்' என்றார். சோழமண்டலக் கரைக்குரியவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 1814இல் விலங்கியலாளர் லீச் விவரித்த முப்புள்ளிக் கடற்குதிரை. இதன் முதுகோரத்தில் 1, 4, 7ஆம் வளையங்களில் கரும்புள்ளிகள் இருக்கும்; எல்லா மீன்களிலும் அவை தெளிவாகத் தெரிவதில்லை. மற்றொன்று, டச்சுப் படை மருத்துவர் பிளீக்கர் 1852இல் பெயரிட்ட 'குடா'. மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. அது திராவிடச் சொல்லிலிருந்து போனது என்பர் சொல்லாய்வாளர். எனவே நம் குதிரையே கடல் கடந்து சென்று அறிவியற்பெயராய்த் திரும்பி வந்திருக்கிறது. குடா என்ற பெயரின்கீழ்ப் பல இனங்களைக் கலந்து எழுதிவந்ததால் கடற்குதிரை இனங்களின் எண்ணிக்கையில் குழப்பம் நேர்ந்தது. 1999இல் வெளிவந்த ஓர் இனங்காண் கையேடு 32 இனங்களைக் கூறியது. 2016ஆம் ஆண்டுச் சீராய்வு 41 என வரையறுத்தது. 

சோழமண்டலக் கரையிலேயே, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் செங்கல்பட்டுக் கரை அலை ஓங்கிய திறந்த மணற்கரை. பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளுக்கு நிகரான கடற்குதிரை வளம் இங்கில்லை. அந்நீரிணையை ஒட்டிய இராமநாதபுரக் கரையில் கடற்குதிரையைச் சுட்ட சாம்பலைத் தேனில் குழைத்துக் குழந்தைகளின் கக்குவானுக்குக் கொடுத்தனர். சீன மருத்துவச் சந்தைக்காகவும் இம்மீனைக் காயவைத்து ஏற்றுமதி செய்தனர்; அந்தப் பேராசை இதன் இருப்பையே உலுக்கியது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இழுவை மடிகளில் இன்றும் சிக்கி இறக்கின்றன.