தடையும் வரியும்: வன்முறை வீடியோ விளையாட்டுகளும் அமெரிக்கச் சட்ட வரலாறும்

முன்னுரை

புதிய ஊடகம் ஒன்று தோன்றும்போதெல்லாம் அஃது இளையோரைக் கெடுத்துவிடுமோ என்னும் அச்சமும் உடன்தோன்றுகிறது. இவ்வச்சத்தை எதிர்கொள்ள அரசுகள் பெரும்பாலும் இரண்டு கருவிகளைக் கையாண்டு வந்துள்ளன. ஒன்று தடை, மற்றொன்று வரி. இன்ன பொருளை இன்னார்க்கு விற்கலாகாது என்று வெளிப்படையாகக் கூறுவது தடை. விற்பனையை அனுமதித்துக்கொண்டே அதன் விலையை உயர்த்துவது வரி. ஐக்கிய அமெரிக்காவில் வன்முறை மிகுந்த வீடியோ விளையாட்டுகள் குறித்து இவ்விரு கருவிகளும் அடுத்தடுத்து முன்வைக்கப்பட்டன. தடையைவிட வரி மென்மையானது என்னும் பொதுவான எண்ணம் வரலாற்றின் முன் நிற்குமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

அறிவின்மீது விதிக்கப்பட்ட வரி

அமெரிக்க வழக்கின் வேர்கள் இங்கிலாந்தில் உள்ளன. அங்கு, அச்சிடுவதற்கு முன் அரசின் இசைவைப் பெறவேண்டும் என்னும் உரிமச் சட்டம் 1695ஆம் ஆண்டில் காலாவதியாயிற்று. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1712இல், செய்தித்தாள்களுக்கு முத்திரை வரி விதிக்கப்பட்டது. அரைத் தாளுக்கு அரைப் பென்னியும் முழுத் தாளுக்கு ஒரு பென்னியும் வரி. விளம்பரத்துக்குத் தனி வரி. 1815ஆம் ஆண்டில் முத்திரை வரி நான்கு பென்னியாக உயர்ந்தது. 1819இல் மலிவு விலை அரசியல் இதழ்களும் இவ்வரிக்குள் கொண்டுவரப்பட்டன. எந்தக் கருத்தையும் இவ்வரி தடை செய்யவில்லை. ஆயினும் உழைக்கும் மக்களின் கைக்குச் செய்தித்தாள் எட்டாதவாறு செய்தது. 1831இல் ஹென்றி ஹெதரிங்டன் என்பார் முத்திரையின்றி ஒரு பென்னிக்குத் தம் இதழை வெளியிட்டுச் சிறை சென்றார். 1836இல் வரி ஒரு பென்னியாகக் குறைக்கப்பட்டு, 1855இல் நீக்கப்பட்டது. தாள்மீதான வரி 1861 வரை நீடித்தது. தணிக்கை முடிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வரி தொடர்ந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வரலாறு அமெரிக்க நீதிமன்றங்களின் நினைவில் இருந்தது. லூயிசியானா மாநிலத்தில் ஹியூயி லாங்கின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1934இல், வாரம் 20,000 படிகளுக்கு மேல் விற்பனையான இதழ்களின் விளம்பர வருவாய்மீது 2 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அவ்வாறு விற்பனையான இதழ்களுள் பெரும்பாலானவை லாங்கை எதிர்த்தவை. 1936இல் உச்ச நீதிமன்றம் இவ்வரியை ஒருமனதாக நீக்கியது. அத்தீர்ப்பில் ஆங்கிலேய முத்திரை வரியின் வரலாறு விரிவாக எடுத்துரைக்கப்பட்டது.

1983ஆம் ஆண்டு வந்த மினசோட்டா வழக்கு ஒரு படி மேலே சென்றது. அம்மாநிலம் இதழ்கள் பயன்படுத்தும் தாளுக்கும் மைக்கும் சிறப்பு வரி விதித்து, ஆண்டுக்கு முதல் 100,000 டாலர் மதிப்புக்கு விலக்களித்திருந்தது. இதனால் வரியின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின்மீது விழுந்தது. அரசுக்குத் தீய உள்நோக்கம் இருந்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. எனினும், இதழியலை மட்டும் தனித்தெடுத்து வரி விதிப்பதே அதனை அச்சுறுத்தும் ஆற்றலை அரசுக்கு அளிக்கிறது என்று கூறி நீதிமன்றம் அவ்வரியை ஏற்க மறுத்தது.

திரைப்படம்: தணிக்கைக்கும் ஒரு கட்டணம்

தடையும் கட்டணமும் ஒன்றாகவே வந்த காலமும் உண்டு. ஒஹாயோ மாநிலம் 1913இல் திரைப்படத் தணிக்கை வாரியத்தை அமைத்தபோது, தணிக்கை செய்யப்படும் ஒவ்வொரு படச்சுருளுக்கும் ஒரு டாலர் கட்டணம் பெற்றது. தம் படைப்பை வெட்டுவதற்கான கூலியையும் படைத்தவரே செலுத்தினார் எனலாம். 1915இல் உச்ச நீதிமன்றம், திரைப்படம் வெறும் வாணிகமே, கருத்து வெளிப்பாடு அன்று என்று கூறி அச்சட்டத்தை ஏற்றது. திரைப்படத்துக்கும் பேச்சுரிமைக் காப்பு உண்டென அதே நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1952 வரை, அதாவது 37 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

கலிபோர்னியாவின் தடை

வீடியோ விளையாட்டுகள்மீதான எதிர்ப்பு 1976இல் ‘டெத் ரேஸ்’ என்னும் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறது. வாகனத்தால் மனித உருவொத்த பூதங்களை மோதினால் அலறல் ஒலியெழும். அவ்விடத்தில் ஒரு கல்லறைச் சின்னம் தோன்றும். இன்றைய நோக்கில் அவ்வுருவங்கள் வெறும் கோடுகளே. 1993 டிசம்பரில் ‘மோர்ட்டல் காம்பாட்’ முதலிய விளையாட்டுகள் குறித்து அமெரிக்க மேலவையில் விசாரணை நடந்தது. அரசின் சட்டத்துக்கு அஞ்சிய தொழில்துறை, 1994இல் தானே ஒரு தரப்படுத்தும் வாரியத்தை அமைத்துக்கொண்டது.

2005இல் கலிபோர்னியா, வன்முறை மிகுந்த விளையாட்டுகளை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் தடை செய்தது. மீறினால் 1,000 டாலர் வரை தண்டம். லீலண்ட் யீ கொண்டுவந்த இச்சட்டத்தில் கையொப்பமிட்ட ஆளுநர், அதிரடித் திரைப்படங்களால் புகழ்பெற்ற ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஆவார். கீழ்நீதிமன்றங்கள் சட்டத்தை நிறுத்திவைத்தன. 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அதனைச் செல்லாதென அறிவித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, சிறுவர்க்கு நாம் கொடுக்கும் நூல்களிலேயே வன்முறை நிறைந்திருப்பதைச் சுட்டினார். கிரிம் உடன்பிறப்புகளின் கதைகளையும், ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கும் ஹோமரின் காப்பியத் தலைவனையும் சான்று காட்டினார். தமிழாசிரியர்க்கு இவ்வாதம் புதிதன்று. பேய்கள் போர்க்களத்தில் கூழடும் பகுதியைக் கொண்ட கலிங்கத்துப்பரணியை நாம் இலக்கியமாகவே கற்பிக்கிறோம். ஆய்வுகள் தொடர்பை மட்டுமே காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை என்பது தீர்ப்பின் மற்றொரு கூறு.

எனினும், மாற்றுக் கருத்துகளை எளிதில் ஒதுக்குவதற்கில்லை. படிப்பதும் கையால் இயக்குவதும் ஒன்றாகா. புதிய தொழில்நுட்பத்தைப் பழைய அளவுகோலால் விரைந்து அளந்துவிடக்கூடாது என்று, தீர்ப்பின் முடிவை மட்டும் ஏற்ற நீதிபதி அலிட்டோ எச்சரித்தார். பெற்றோர்க்கு உதவ அரசுக்கு உரிமையுண்டு என்றார் மறுப்புத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரையர். பெற்றோரின் கவலை மெய்யானது. அதனை எவரும் மறுக்கவில்லை.

தடை தோற்றபின் வரி

தடைக்கு வழி அடைபட்டபின் வரி முன்வந்தது. 2012இல் ஒக்லஹோமாவிலும் 2013இல் மிசூரியிலும் வன்முறை விளையாட்டுகளுக்கு 1 விழுக்காடு வரி முன்மொழியப்பட்டது. மிசூரியின் முன்மொழிவு, 2012 டிசம்பரில் கனெக்டிகட் பள்ளியொன்றில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட துயரை அடுத்து எழுந்தது. 2018இல் பென்சில்வேனியாவில் 10 விழுக்காடு முன்மொழியப்பட்டது. இவற்றுள் எதுவும் சட்டமாகவில்லை. வரிப்பணம் சிறுவர் நலனுக்கோ மனநலத்துக்கோ பள்ளிப் பாதுகாப்புக்கோ செலவிடப்படும் என்று கூறப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால், தான் கடியும் பொருளின் விற்பனையையே அரசு தன் வருவாய்க்கு நம்பியிருக்க நேரும் என்பது எண்ணிப் பார்க்கப்படவில்லை.

இங்குத் தடையையும் வரியையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். கலிபோர்னியாவின் தடை சிறுவரை மட்டும் குறித்தது. வளர்ந்தோரின் உரிமையைத் தொடவில்லை. வரிக்கோ வயதில்லை. நாற்பது வயதினரும் அதனைச் செலுத்துவர்; வசதியுள்ள வீட்டுச் சிறுவனை அது தடுக்காது. வசதியற்றவரை மட்டுமே அது விலக்கி நிறுத்தும். மேலும், தடை விதிக்கும் அரசு தன் காரணத்தைக் கூறியாகவேண்டும். நீதிமன்றம் அதனை எடைபோடும். வரி விதிக்கும் அரசு வருவாய் என்னும் ஒரு சொல்லோடு அமைதியாகிவிடலாம்.

முடிவுரை

சிங்கப்பூரிலும் இதே வினா எழுந்ததுண்டு. 2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் விளையாட்டு, வன்முறைக்காக அன்றி ஒரு காதற்காட்சிக்காகத் தடை செய்யப்பட்டது. விரைவிலேயே அத்தடை விலக்கப்பட்டு, 18 வயது நிரம்பியோர்க்கு உரியதென அது தரப்படுத்தப்பட்டது. 2008 ஏப்ரலில் முறையான தரப்படுத்தும் திட்டம் நடப்புக்கு வந்தது. தடைக்கும் வரிக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதை இது காட்டுகிறது. தரப்படுத்துதல் பெற்றோர்க்குச் செய்தியைத் தருகிறது. முடிவின் ஒரு பகுதியை அவர்களிடமே விடுகிறது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவே. வரி, தடையைவிட மென்மையானதன்று. குறைவாகக் கேள்விக்குள்ளாவது, அவ்வளவே. இங்கிலாந்தில் உரிமச் சட்டம் வீழ்ந்தபின் எழுந்த முத்திரை வரியை நீக்க 143 ஆண்டுகள் ஆயின. குழந்தைகளைக் காக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எனவேதான், அக்காப்பின் பெயரால் எக்கருவி கையாளப்படுகிறது, அதன் சுமை யார்மீது விழுகிறது என்னும் வினாக்களை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிலும் எழுப்புதல் வேண்டும்.