வெட்டுப்பட்ட உரோமப் பொற்காசுகள்: புதுக்கோட்டைப் புதையலை முன்வைத்து

உரோமப் பேரரசின் காசுகளைத் திரட்டுவோர் தேய்மானமற்ற, பழுதில்லாத காசையே உயர்வாக மதிப்பர். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த பொற்காசுப் புதையலை அந்த அளவுகோலால் மதிப்பிட முடியாது. அதிலிருந்த 501 காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவத்தின் மீதே ஆழமான வெட்டு காணப்படுகிறது. அவற்றுள் காலத்தால் பிந்தியவை வெஸ்பாசியன் (கி.பி. 69–79) வெளியிட்டவை.

பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் எனக் கொள்வது எளிது. ஆனால் சோதனைக்கு விளிம்போ பின்புறமோ போதுமானது; முகத்தைத் தேர்ந்து வெட்டியதற்கு வேறு காரணம் இருந்திருக்க வேண்டும். இப்புதையலை ஆராய்ந்த ஜி. எஃப். ஹில், தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கவே இவ்வாறு செய்தனர் எனக் கருதினார். இக்கருத்து பொருந்துமாயின், வெட்டப்படாத காசு எண்ணிக்கையாலும் வெட்டுண்டது நிறையாலும் கொள்ளப்பட்டன எனலாம். அதாவது, உரோமப் பொன் இங்கு வெறும் உலோகமாக மட்டும் வந்து சேரவில்லை. எது காசு, எது பொன் என வரையறுக்கும் உள்ளூர் அதிகாரம் ஒன்றும் இருந்தது. சேகரிப்பாளர் குறையெனத் தள்ளும் வெட்டே இதற்குச் சான்று. எனினும், ஒவ்வொரு காசின் எடையையும் தேய்மானத்தையும் வெட்டின் இடத்தோடு இணைத்துப் பதியாத பட்டியல்களைக் கொண்டு ஹில்லின் கருத்தைச் சரிபார்க்க இயலாது.